மாரிமுத்து அண்ணன் அடித்த சாவுத் தப்பு

அந்தக் காலையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் நின்றவர்கள்: நான், என் மாமியார் காத்தாயி, பக்கத்துக் காம்பரா அஞ்சலை, வேலுக் கங்காணி, மாரிமுத்து அண்ணன், அவருடைய தம்பி ராசு. காத்தாயியும் அஞ்சலையும் எப்போதோ போய்விட்டார்கள். மாரிமுத்து அண்ணனும் போய்விட்டார் என்று போன வெள்ளிக்கிழமை கந்தப்பளை பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். கொழுந்துக் கூடையை இறக்காமலே நின்று கேட்டேன். இறக்கினால் மறுபடி தூக்க உடம்பில் தெம்பில்லை.

அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும். விடியுமுன் தப்புப் பறை அடித்து, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு எங்களை எழுப்பியவர் அவர்தான். சுதந்திரம் வந்ததென்று கங்காணி மிட்டாய் கொடுத்தார். வெள்ளைக்காரத் துரை அதே பங்களாவில்தான் இருந்தார். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கழிக்கும் றாத்தலை, வெயில் காய்ந்த நாளிலும் கூட்டினார்கள். துரை வரி என்று பேர் வைத்தோம். கேட்கப் போனவர்களைத் துரை படியேற விடவில்லை.

மறுநாள் கேட்டது பெரட்டுத் தப்பில்லை, சாவுத் தப்பு. லயத்தில் சாவு விழுந்தால், பிணத்தை எடுக்கும்வரை யாரும் மலைக்கு வேலைக்குப் போவதில்லை. யாருடா செத்தது என்று கங்காணி ஓடிவந்தார். அண்ணன் அடியை நிறுத்தாமல் சொன்னார்:

“வெள்ளக்காரன் ஆட்சி செத்துப்போச்சுன்னு நீங்கதானே மிட்டாய் குடுத்தீங்க கங்காணி. பொணத்த இன்னும் எடுக்கலீங்களே. எடுக்காம எப்படி வேலைக்குப் போறது?”

என் மாமியார் கூடையை ஓரமாகப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, “எங்க றாத்தலத் தின்ன ராசாவே” என்று ஒப்பாரியே வைத்துவிட்டார். அன்று ஒருவரும் கொழுந்து கிள்ளவில்லை.

சாயங்காலமே அண்ணனுக்குக் கணக்குத் தீர்த்துப் பற்றுச்சீட்டு கொடுத்துத் தோட்டத்தை விட்டு விரட்டினார்கள். தப்பைக் கோயில் வாசலில் மாட்டிவிட்டுச் சொன்னார்: “இத யாரும் தொடாதீங்க. தொடலேன்னா என்னையக் கூப்பிட்டுத்தான் ஆகணும்.”

மறுநாள் கங்காணி தண்டவாளத் துண்டைத் தட்டிப் பார்த்தார். செவிடர்களைப் போலப் படுத்துக் கிடந்தோம். கடைசியில், மாரிமுத்து எங்கே தங்கியிருக்கிறான் என்று என் மாமியாரிடமே வந்து விசாரித்தார். அண்ணனைத் திரும்பக் கூப்பிடுவது அவ்வளவு கிட்டே வந்துவிட்டது.

அடுத்த காலை தப்பு கேட்டது. அண்ணன் வந்துவிட்டார் என்று தலையைக்கூட முடியாமல் ஓடினோம். அடித்துக்கொண்டிருந்தது ராசு. வெளியே வந்த ஆட்களைக் கங்காணி அப்படியே மலைக்கு ஓட்டினார். றாத்தல் கழிவு குறையவில்லை. அண்ணன் குடியிருந்த காம்பராவும் ராசுவுக்கே போனது.

சில வருஷம் கழித்து, கந்தப்பளை மரக்கறித் தோட்டமொன்றில் மண் கொத்திக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன். எப்படி இருக்கீங்க அண்ணே என்றேன். “இன்னமும் இருட்டோட முழிச்சிக்கிறேன் தங்கச்சி. எழுப்பத்தான் ஆளில்ல” என்றார். தம்பியைப் பற்றி நான் வாயெடுத்ததும் மண்வெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். “அவன் புள்ளகுட்டிக்காரன். விடு.”

அண்ணனை எடுக்கிற அன்று போயிருந்தேன். சாவுத் தப்பு அடித்தது ராசு. அண்ணனுக்குத் தம்பி முறை தவறாமல் செய்தான் என்று எல்லாரும் மெச்சினார்கள். உண்மைதான், நன்றாகத்தான் அடித்தான். கை அண்ணன் கற்றுக்கொடுத்த கை.

நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு காலையை. தப்பு கேட்டும் வேலைக்குப் போகாத ஒரே காலை. தம்பியை மன்னித்தது அண்ணனின் பெரிய மனசு. எனக்கு அது வாய்க்கவில்லை. கங்காணியைக்கூட மறந்துவிட்டேன், துரையும் கப்பலேறிவிட்டார். ராசுவை மட்டும் மன்னிக்க மாட்டேன்.