அண்ணன் நெற்றிக்கு எத்தனை முடி?

"உங்காத்தா ஊரான் காட்டுல புல்லுப் புடுங்குறா. நீ படிச்சுப்புட்டு ஊரான் தலையில புல்லு நடப் போறியாக்கும்?"

நான்கு வருடத்துக்கு முன்னால் என் பெரியப்பா மகன் சேகர் அண்ணன் கேட்ட கேள்வி இது. மதுரையில் முடி நடும் கிளினிக் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்த சேதியை, சாயல்குடி பக்கம் எங்கள் ஊரில் போய்ச் சொன்ன அன்று! எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான்தான். அதற்கு மேல் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் படிப்பு வேறு. அதெல்லாம் அண்ணன் காதில் ஏறவில்லை.

போன வாரம் அதே அண்ணனுக்குக் கல்யாணம். அங்கே எனக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்வதற்கு முன், போன பங்குனிக்குப் போக வேண்டும்.

கிளினிக் வாசலில் கேப் போட்டுக்கொண்டு நிற்கிறான் அண்ணன். கழற்றினால்... முப்பத்தொரு வயதில் நெற்றி இரண்டு பக்கமும் ஏறிப்போய், நடுவில் மட்டும் ஒரு முனை மிச்சம் — கடலுக்குள் நீளும் தனுஷ்கோடி மாதிரி!

"ஏத்தா, தையில கல்யாணம். நம்ம புள்ள இருக்காளேன்னு வந்துருக்கேன். நெருக்கி நடச் சொல்லு. ஊடால காத்துகூடப் போகக் கூடாது."

டாக்டர் மேடத்திடம் அழைத்துப் போனேன். "எப்படி வேணும்னு நினைக்கிறீங்க?" என்றார். அண்ணன் போனை நீட்டினான். ஒரு காதுகுத்து ஃப்ளெக்ஸ். அதில் அண்ணன், தலை நிறைய முடியோடு.

"உங்க பழைய போட்டோவா?"

"இல்ல மேடம். ஃப்ளெக்ஸ் கடையில வச்ச முடி."

எனக்கு அந்த முடியை நன்றாகத் தெரியும். அந்தக் கடையில் எல்லா மாப்பிள்ளைக்கும் அதே முடிதான். ஒரு தாத்தா அறுபதாம் கல்யாண ஃப்ளெக்ஸில் அதே முடியோடுதான் சிரித்துக்கொண்டிருந்தார். புருவத்துக்கு மூன்று விரல் மேலே, ஸ்கேல் வைத்து இழுத்த கோடு!

மேடம் பொறுமையாகச் சொன்னார். பின்னந்தலையில் இருந்து வேரோடு எடுப்பதுதான் கிராஃப்ட். ஒரு வேரில் ஒரு முடியும் இருக்கும், இரண்டு மூன்றும் இருக்கும். நெற்றி ஓரத்தில் ஒற்றை முடிகளை ஏற்ற இறக்கமாக, கொஞ்சம் இடைவெளி விட்டு வைக்க வேண்டும். உள்ளே போகப் போகத்தான் நெருக்கம். அப்போதுதான் பிறவி முடி போலத் தெரியும்.

"ஒரு சதுர சென்டிமீட்டருக்கு முன்னாடி முப்பது, உள்ள நாற்பது போதும்."

"முப்பதா? எம்பது போடுங்க மேடம்!"

"அவ்வளவு நெருக்கினா ரத்த ஓட்டம் பத்தாம வேர் செத்துடும்."

"நீங்க நடுங்க. எண்ணெய் தேச்சு நான் வளத்துக்கிறேன்."

மேடம் என்னைப் பார்த்தார். உன் ஊர், உன் அண்ணன் — நீயே பேசு என்று அர்த்தம்.

"அண்ணே, விதைச்ச வயல்ல வரப்போரம் எப்படி இருக்கும்? அங்கன ஒன்னு இங்கன ஒன்னா இருக்கும். உள்ள போகப் போக நெருங்கும். தலையும் அப்படித்தான்."

என்ன உதாரணம்! எனக்கே புல்லரித்தது.

"அது விதைக்கத் தெரியாதவன் வயலு. எங்க வயல்ல வந்து பாரு, வரப்போரமும் செவரு மாதிரி நிக்கும்."

படித்த திமிரில் விவசாயியிடமே விவசாய உதாரணம் சொன்னால் இப்படித்தான்.

ஆனால் எனக்கு உள்ளுக்குள் பயம். அண்ணனுக்கு உச்சியும் மெலிய ஆரம்பித்திருந்தது. பெரியப்பா தலையில் காதோரம் தவிர ஒன்றுமில்லை. இவன் கேட்கிறபடி நட்டால் பின்னந்தலையில் எடுக்கக்கூடியதெல்லாம் நெற்றிக்கே தீர்ந்துவிடும். எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. நாளைக்கு உச்சியும் கொட்டினால்? முன்னால் ஒரு கறுப்புச் சுவர், பின்னால் பொட்டல். சாகும்வரை கேப்தான்!

"அண்ணே... அந்த வருசம் பெரியப்பா மொத மழைக்கே வீட்டுல இருந்த விதை நெல்லு பூராத்தையும் விதைச்சாரே..."

அண்ணன் முகம் மாறிவிட்டது. விதைத்தது முளைத்தது. அதற்குப் பிறகு மழை இல்லை, பயிர் கருகியது. ஐப்பசியில் மறுபடி கொட்டியபோது ஊரே மறுவிதைப்பு போட்டது. பெரியப்பா மட்டும் விதை கேட்டு வீடு வீடாக நின்றார். அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்றது அந்த வருடம்தான்.

"இப்ப எதுக்குத்தா அது?"

"உம் பின்னந்தலைதான் விதை மூட்டை. நாளைக்கு உச்சி காலியானா அதுல இருந்துதான் எடுக்கணும். எல்லாத்தையும் இன்னைக்கே நெத்தியில கொட்டிட்டா?"

அண்ணன் போனை அணைத்துப் பாக்கெட்டில் வைத்தான்.

"எம்புட்டு மிச்சம் வைக்கணும்?"

"பாதி."

"அப்ப கோடு?"

"ஒரு விரல் மேல ஏறும்."

"வயசாளியாத் தெரிவேனே..."

"முப்பத்தொன்னு ஆச்சுல்ல?"

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு பென்சிலை எடுத்தார். கோணலும் மாணலுமாக ஒரு கோடு. மறுநாள் அவர் துளை போட, முன்வரிசை ஒற்றை முடிகளை ஒவ்வொன்றாக நானே வைத்தேன். மூன்றாம் வாரம் போன் வந்தது. "ஏத்தா, நட்டதெல்லாம் கொட்டுது!" கொட்டும், பிறகுதான் வளரும் என்று ஏழு தடவை சொல்லி அனுப்பியிருந்தோம். எட்டாவது தடவையும் சொன்னேன்.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். மணமேடைக்கு எதிரிலிருந்து கடல் காற்று. அண்ணன் முடி மேலே பறக்கிறது, நெற்றிக் கோடு முழுசாகத் தெரிகிறது. நான் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். பெண்ணிடம் மட்டும் அண்ணன் முதலிலேயே சொல்லிவிட்டான். மற்றவர்கள்? ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பந்தியில் அண்ணன் என்னிடம் வந்தான். ஏகக் கோபம்.

"ஏத்தா, 'மாப்ள, முடி நல்லாருக்கே'ன்னு ஒரு பய கேக்கலையே!"

"கேக்காம இருந்தாத்தாண்ணே வேலை சுத்தம்."

எனக்குப் பெருமையடிக்க ரொம்பப் பிடிக்கும், அது உங்களுக்கே தெரியும். ஆனால் பாருங்கள்... நன்றாகச் செய்தால் யார் கண்ணிலும் படாத ஒரு வேலை எனக்கு வாய்த்திருக்கிறது. இதைவிடக் கொடுமை உண்டா?

அண்ணனால் பொறுக்க முடியவில்லை. இலைக்கு இலை போய், அவனே சொல்ல ஆரம்பித்துவிட்டான்! பலன் — கை கழுவும் இடத்தில் மூன்று பேர், தனித்தனியாக வந்து என் காதைக் கடித்தார்கள். மூவருக்கும் ஒரே சங்கடம்.

"மதுரைக்குப் போனா ஏன் எதுக்குன்னு கேப்பாகத்தா. ராமநாதபுரத்துல வச்சுப் பாத்தியன்னா, கோர்ட்டு வேலைன்னு சொல்லிட்டு வந்துருவோம்."

மேடத்திடம் சொன்னேன். "மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் வர்றேன். முதல்ல இடம் கிடைக்கட்டும்" என்றார்.

கிடைத்துவிட்டது. கோர்ட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஒரு அறை. சாவி என் கைப்பையில்.