கழுத்துத் துண்டுகள்

என் மனைவி ஒன்றரை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த துணித்துண்டுகளை, அவள் வீட்டில் இல்லாத ஒரு பிற்பகலில், நான்கு அங்குலச் சதுரங்களாக வெட்டினேன். யாரும் என்னை வெட்டச் சொல்லவில்லை. அவளை நான் கேட்கவும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அரசாங்கத்தில் கட்டட வரைபடம் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மயிலாப்பூரில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். பெண்ணுக்குக் கல்யாணமாகிவிட்டது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ரவிக்கைக்குக் கழுத்து வெட்டும்போது ஒரு துண்டு தனியே விழும். துணியை மடித்து வெட்டுவதால், விரித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். வட்டக் கழுத்தென்றால் அரைநிலா. பானைக் கழுத்தென்றால் ஒரு சின்னப் பானை. சித்திரக்குளத்துப் பக்கம் மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருந்த தையற்காரர் அவற்றைக் காலால் மூலைக்குத் தள்ளிவிடுவார். ரவிக்கை வாங்கப் போன என் மனைவி அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாள்.

"எடுத்துக்கினு போ மாமி, பெருக்குற வேல மிச்சம்" என்றாராம்.

அதன்பின் வியாழக்கிழமைதோறும் போனாள். கொண்டுவந்த துண்டுகளை என் பழைய வேட்டி ஒன்றின்மேல் பரப்பி, இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பாள். எந்தத் துண்டின் உருவத்தையும் மாற்றமாட்டாள். இடையில் விழும் சந்துகளுக்கு மட்டும் வேறு துணி. இப்படி ஒரு பேட்ச்வொர்க் போர்வை செய்வதாக எண்ணம்.

"மெட்ராஸ் வெய்யில்ல யார் போத்திக்கப் போறா?" என்று கேட்டேன்.

"போத்திக்க இல்லே, பாக்கறதுக்கு."

எது யாருடைய கழுத்து என்று அவளுக்குத் தெரியும். "இது ஆழ்வார்பேட்டை டாக்டரம்மா. ஏத்தித்தான் வெட்டிப்பா, நாள் பூரா குனிஞ்சு பேஷண்டைப் பாக்கணுமோல்லியோ. இந்தப் பச்சை, மேல்மாடிப் பொண்ணு. போன தடவைக்கு ஒரு இஞ்ச் இறங்கியிருக்கு. அவ அம்மாவுக்கு இன்னும் தெரியாது."

நான் காதில் வாங்கிக்கொண்டதே இல்லை.

ஒருநாள் என் பழைய ஆபீஸ் நண்பர் வந்தார். கூடத்தில் விரித்திருந்ததைப் பார்த்து, "என்ன மாமி, குடுகுடுப்பைக்காரனுக்கு ஆர்டர் எடுத்திருக்கீங்களா?" என்றார்.

"ஆமாம், உங்களுக்கும் நல்ல காலம் பொறக்கறதான்னு கேட்டுச் சொல்றேன்" என்று அவள் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. அவள் வேலையை ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் ஆசையில் வெட்டினேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. அடுத்த மாதம் சம்பந்தி வீட்டார் வருவதாக இருந்தது. அந்தக் கோணல்மாணலை அவர்கள் பார்க்கக்கூடாது என்பது மற்றப் பாதி.

அவள் நங்கநல்லூரில் தங்கை வீட்டுக்கு மூன்று நாள் போனாள். நான் அட்டையில் அளவு வெட்டிக்கொண்டு, பென்சிலால் கோடு போட்டு வெட்டினேன். வேட்டியில் அவள் தற்காலிகமாக நூலோட்டி, டாக்கா போட்டு வைத்திருந்த துண்டுகளையும் பிரித்து வெட்டினேன். கை நடுங்காத வயது. ஒரு சதுரம்கூடப் பிசகவில்லை.

அவள் திரும்பி வந்து பையைக் கீழே வைப்பதற்குள் மேஜையைக் காட்டினேன். நிறவாரியாக அடுக்கியிருந்தேன்.

"மீதி எங்கே?" என்றாள்.

"எந்த மீதி?"

"வெட்டின மீதி."

"காத்தால குப்பைக்காரி எடுத்துண்டு போயிட்டா."

ஒரு சதுரத்தை எடுத்து இன்னொன்றின்மேல் வைத்தாள். அதன்மேல் இன்னொன்று. ஓரங்கள் கச்சிதமாகப் பொருந்தின.

"எல்லாரும் ஒருத்தியாயிட்டா" என்றாள். அவ்வளவுதான்.

சண்டை போட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லி முடித்திருப்பேன். அவள் போடவில்லை. அடுத்த வாரம் அந்தச் சதுரங்களை மும்மூன்றாக அடுக்கித் தைத்து, சமையலறையில் பிடிதுணியாக மாட்டினாள். பல மாதம் எங்கள் வீட்டு ரசம் என் சதுரங்களால்தான் அடுப்பிலிருந்து இறங்கியது. வியாழக்கிழமைகளில் அவள் எங்கும் போகவில்லை. ஊசிப் பெட்டியைத் திறக்கவும் இல்லை.

ஒரு வியாழக்கிழமை நானே தையற்காரரிடம் போனேன்.

"மாமி ஏன் சார் வர்றதில்ல? ஒரு மாசம் எட்த்து வச்சிருந்தேன். அப்பாலிக்கா தலாணில அடைச்சிட்டேன்."

நான் செய்ததைச் சொன்னேன். அவர் தையல் மெஷினை மிதிப்பதை நிறுத்தினார்.

"சதுரமாவா? இன்னா சார் நீ, படிச்சவரு! சதுரம்தான் வேணும்னா நானே கட் பீஸ்ல வெட்டிக் குட்த்திருப்பேனே."

"இனிமே கழுத்துத் துண்டெல்லாம் எனக்கு எடுத்து வையுங்க. எது யாருதுன்னும் சொல்லணும்."

"கழுத்துக்கு அட்ரஸ் கேக்குற மொத ஆளு நீதான் நைனா."

ஐந்து மாதம் போனேன். அவர் சொல்லச் சொல்ல, துண்டுச் சீட்டில் எழுதி ஒவ்வொன்றிலும் குண்டூசியால் குத்தினேன். பை நிறைந்ததும் அவள் முன்னால் வைத்து, "நான் பண்ணினது தப்பு" என்றேன். கல்யாணமான முப்பத்தைந்து வருஷத்தில் அந்த வாக்கியத்தை அவளிடம் சொன்னது அதுவே முதல் தடவை.

அவள் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். 'நர்ஸ்' என்று நான் எழுதியிருந்த ஊதாத் துண்டு ஒன்றில் நின்றாள்.

"இது நர்ஸ் இல்லே. நர்ஸ் இவ்வளவு இறக்கி வெட்டிக்க மாட்டா. அவன் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கான், நீங்களும் எழுதிண்டு வந்திருக்கேள்."

"பின்னே யாரு?"

"நான் போய்க் கேட்டுக்கறேன்."

அந்த வாரம் போனாள்.

பழைய போர்வை வரவில்லை. வரவும் முடியாது. முதல் குவியலில் எதிர்வீட்டுப் பாட்டு டீச்சரின் துண்டுகள் நான்கைந்து இருந்தன. இடையில் அவர் காலமாகிவிட்டார். அவருக்கு இனி யாரும் ரவிக்கை வெட்டப்போவதில்லை. என் மனைவி அதை ஒரு தடவைதான் சொன்னாள். வேறு எதையோ தேடும்போது சொன்னாள். நான் வாசலுக்குப் போய் நின்றேன்.

துண்டுகள் வைக்கும் டிரங்குப் பெட்டிக்கு ஒரு சிறு பூட்டு வந்தது. சாவி அவளிடம். நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் தைக்கும்போது எதிரே உட்கார்ந்து பேப்பர் படிப்பேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் மஞ்சளும் நீலமுமாக இரண்டு துண்டுகளோடு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏன்னா, இந்த எடத்துக்கு எது?"

"உனக்கு எது சரின்னு படறதோ..."

"கேட்டா சொல்லுங்கோளேன்."

பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தேன். மஞ்சளைக் காட்டினேன். அவள் தலையாட்டிவிட்டு, நீலத்தை வைத்துத் தைத்தாள்.