இடது பக்கம் கொஞ்சம் அதிகமாக

பிளேடைக் கையில் எடுத்ததும் அவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். முழுதாக இறக்கினால் இருட்டு. திறந்தே விட்டால் யாராவது நின்று பார்ப்பார்கள், யாராவது பார்த்தால் அவருக்குக் கை ஓடாது. பாதி இறக்கிவிட்டால் தெருவில் போகிறவர்களின் முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் தெரியும். செருப்புகளோடு அவருக்குச் சண்டையில்லை. செருப்புகள் கருத்துச் சொல்வதில்லை.

"உள்ள ஆபரேஷன் நடக்குது, சத்தம் போடாதீங்க" என்று பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர் வருகிற ஆட்களிடம் சொல்வார்.

படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை. சட்டம் அடிப்பதில் அவருக்குப் பயம் கிடையாது. கட்டை பிசகினால் இன்னொரு கட்டை. கண்ணாடி உடைந்தால் இன்னொரு கண்ணாடி. பயமெல்லாம் மவுண்ட் வெட்டுவதில். படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே, ஜன்னல் வைத்த மாதிரி அகலமாக ஒரு கெட்டி அட்டை வருமே, அதைத்தான் மவுண்ட் என்கிறார்கள். வண்ண அட்டையைக் குப்புறப் போட்டு, முதுகில் கோடு கிழித்து, கத்தியைச் சாய்த்துப் பிடித்து ஜன்னலை வெட்ட வேண்டும். நிமிர்த்திப் பார்த்தால் ஜன்னலின் ஓரமெங்கும் அட்டையின் உள்வெள்ளை ஒரு மெல்லிய சரிவாகத் தெரியும். ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். நடுவில் கை நின்றால் தழும்பு விழும். மூலைக்கு முன்னால் நின்றால் நார் விடாது, மூலை பிய்ந்துகொண்டு வரும்.

ஒவ்வொரு இழுப்புக்கும் அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். வெட்டி முடித்து ஷட்டரைத் தூக்கிவிட்டு வெளியே வரும்போது, குளத்திலிருந்து எழுந்தவர் மாதிரி இருப்பார்.

கோடு கிழிப்பதே பெரிய கதை. அளந்து ஒரு கோடு போடுவார். சந்தேகம் வரும். மறுபடி அளந்து அதே கோட்டின் மேல் இன்னொரு கோடு. வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும். அட்டையின் முதுகில் பென்சில் பள்ளமே பறித்துவிடும். ஏன் இப்படி என்று கேட்டால், "மொதல்ல அட்டையை அளக்கறேன். அப்புறம் என்னை நானே அளந்து பாத்துக்கறேன்" என்பார்.

தெருவில் அவருக்குப் பெயர் 'மில்லி'. எதைச் சொன்னாலும் "ஒரு மில்லி இந்தப் பக்கம்" என்று சொல்வதால் வந்த பெயர். புதிதாக வருகிறவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு அவர் பேசும்போது மோந்து பார்ப்பதுண்டு. பாவம், அவர் டீயே அரை டம்ளர்தான் குடிப்பார். முழு டம்ளர் குடித்தால் கை நடுங்கும் என்று பயம்.

கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். "அந்தப் பூட்டை விட்டுடுங்க மில்லி, அதுக்கும் வலிக்கும்ல" என்பார் ஜெராக்ஸ்காரர். வீட்டில் அவர் மனைவிக்கு இந்த அளவு இரக்கம் கிடையாது. "ஒரு தக்காளி நறுக்கிக் குடுங்கன்னு சொன்னேன். உள்ள போய் ஸ்கேலைத் தேடறார் மனுஷன்."

அடுத்தவர் வீட்டுச் சுவரில் படம் கோணலாக மாட்டியிருந்தால் அவருக்குப் பேச்சு வராது. மகனுக்குப் பெண் பேசி முடிக்க முதல்முதலாகப் போன வீட்டில் அப்படி ஒரு படம் எதிரிலேயே தொங்கியது. அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கெல்லாம் "ம்" என்றார். பெண் வீட்டாருக்குக் கலக்கம், மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சம்பந்தம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று. கல்யாணப் பெண்தான் எழுந்து போய் அந்தப் படத்தை ஒரு விரலால் நேராக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவர் அப்போதுதான் டம்ளரைக் கையில் எடுத்தார். அந்தப் படமும் அவள் வரைந்ததுதான் என்பது பிறகு தெரிந்தது.

வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகியும் மருமகள் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. இருவருமே அதிகம் பேசாதவர்கள். ஒருவர் வந்தால் மற்றவர் செய்தித்தாளை நகர்த்தி வைத்து இடம் விடுவார். அவ்வளவுதான் பழக்கம். போன வாரம்தான் அவள் கடைக்கு வந்தாள், பெரிய தாளைச் சுருட்டாமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டு.

கறுப்பு மையில் வரைந்த படம். ஒரு பெண் சைக்கிளில் போகிறாள். காற்று எதிரே அடிக்கிறது, சேலைத் தலைப்பு பின்னால் போகிறது. முன்சக்கரம் தாளின் இடது ஓரத்தையே தொட்டுவிடும் போல் இருந்தது.

"நகராட்சி மண்டபத்துல ஓவியக் கண்காட்சி வைக்கறாங்க மாமா. சட்டம் போட்டுக் குடுத்தாதான் வாங்குவாங்களாம். நாளைக்குச் சாயங்காலம்தான் கடைசி. விட்டா இனி அடுத்த வருஷம்தான்."

"போட்டுடலாம்மா."

"மவுண்ட்ல இடது பக்கம் கொஞ்சம் அதிகமா விடுங்க மாமா. அவ போறதுக்கு எடம் வேணும்."

அவள் படம் வீட்டை விட்டு வெளியே போவது இதுதான் முதல் தடவை. அடுக்கிலிருந்து ஒரு சாம்பல் நிற அட்டையை அவளே தேர்ந்தாள். மழைக்குச் சற்று முன்னால் வருகிற சாம்பல். அந்த அளவில் அது ஒன்றுதான் இருந்தது. மற்றதெல்லாம் போட்டோவுக்கான சின்னத் துண்டுகள். அது ஒன்றுதான் இருக்கிறது என்ற நினைப்பே அவரை அன்று வெட்டவிடவில்லை. இரவு அட்டையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போனவர், வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் மதியம் ஷட்டர் பாதி இறங்கியது. புது பிளேடு. அட்டையைக் குப்புறப் போட்டார். இடது பக்கம் அதிகம், வலது பக்கம் குறைவு. வழக்கம்போல் மேலே கொஞ்சம், கீழே கூடுதல். அளந்தார், கிழித்தார், சந்தேகப்பட்டார், அளந்தார், கிழித்தார். தண்ணீர் குடித்தார். கிழித்தார். மூச்சைப் பிடித்தார்.

வாழ்க்கையிலேயே அப்படி ஒரு வெட்டு அமைந்ததில்லை. கத்தி ஒரு இடத்தில் கூடத் திக்கவில்லை. கடைசி மூலையில் கை நின்றபோது நடு அட்டை தானாகவே கழன்று மேசையில் பொத்தென்று விழுந்தது. நார் இல்லை, பிசிறு இல்லை. அவர் சின்னதாகச் சிரித்துக்கூடக் கொண்டார். அட்டையை நிமிர்த்திப் படத்தின் மேல் வைத்தார்.

சைக்கிள் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது.

அவள் போக வேண்டிய பக்கம் அட்டை ஒடுங்கியிருந்தது. வந்த பக்கம் பரந்து கிடந்தது. அவருக்குப் புரியவே சற்று நேரம் ஆனது. முதுகில் இடது பக்கம் அளந்தது, நிமிர்த்தினால் வலது பக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் இத்தனை வருஷமும் அவர் வெட்டியதெல்லாம் இரண்டு பக்கமும் சமமாக விட்ட ஜன்னல்கள். குப்புறப் போட்டாலும் நிமிர்த்திப் போட்டாலும் ஒன்றுதான். அவர் பயந்ததெல்லாம் கை வழுக்கும் என்று, மூலை பிய்யும் என்று. ஒவ்வொரு மில்லிக்கும் காவல் நின்ற மனுஷன், எந்தப் பக்கம் என்று ஒரு தடவை கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். இடது பக்கம் அகலமானது. ஆனால் கீழே இருக்க வேண்டிய கனம் மேலே ஏறிக்கொண்டது. சைக்கிள்காரியின் தலையில் மூட்டையை வைத்த மாதிரி இருந்தது. மறுபடி திருப்பினார். மறுபடி முட்டல். காது மடல் சூடாகிவிட்டது.

ஷட்டருக்குக் கீழே ஜெராக்ஸ்காரரின் முகம் வந்தது. "என்ன மில்லி, பேச்சு மூச்சே காணோம்? ஆள் உசுரோட இருக்கா?"

"இதைக் கொஞ்சம் பாருங்க. ஏதாச்சும் தப்பாத் தெரியுதா?"

ஜெராக்ஸ்காரர் குனிந்தபடியே உள்ளே வந்து பார்த்தார். "சைக்கிள் சைக்கிள் மாதிரிதான் இருக்கு. பொண்ணு பொண்ணு மாதிரி இருக்கு. என்ன தப்பு?"

ஒரு கணம் அது பெரிய ஆறுதலாக இருந்தது. அவளும் இப்படியே சொல்லிவிட்டால்? அல்லது அட்டை உள்ளே இற்றுப்போயிருந்தது என்று சொல்லலாம். அல்லது, "நீ வலது பக்கம்னுதானேம்மா சொன்னே?" கடைசியாகத் தோன்றியதை நினைத்ததும் அவருக்கே வெட்கமாகிவிட்டது. யாரோ பின்னால் நின்று அதைக் கேட்டுவிட்ட மாதிரி திரும்பிப் பார்த்தார்.

போன் அடித்தது. மனைவி. "மருமக கெளம்பிட்டா. அதுக்குக் காலையிலேருந்து ஒரு வாய் எறங்கல. ரெடியா வெச்சிருக்கீங்கல்ல?"

"ம்" என்றார்.

ஷட்டருக்குக் கீழே மருமகளின் செருப்பு வந்து நின்றது. அவள் குனிந்து உள்ளே வருவதற்குள் அவர் மேசையை மறைத்துக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சுதா மாமா?"

"முடிஞ்சுதும்மா. முடியல. முடிஞ்சுது, ஆனா முடியல." பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். "பக்கம் மாத்தி வெட்டிட்டேன்மா. பின்னாடிலேருந்து வெட்டறதா, இடது வலதாப் போயிடும், தெரியும், தெரியாம இல்ல, ரெண்டு பக்கமும் ஒண்ணா வெட்டி வெட்டிப் பழகுன கை. இந்த அளவுக்கு வேற அட்டையும் இல்ல. எம்மேலதான் தப்பு."

விலகி நின்றார். அவள் பார்த்தாள். அவர் எதிர்பார்த்த 'பரவாயில்லை மாமா' வரவில்லை.

"நேத்தே குடுத்தேனே மாமா" என்றாள். "நேத்தே வெட்டியிருந்தா வேற அட்டையாவது தேடியிருக்கலாம்ல?"

"பயமா இருந்துதும்மா."

"எனக்கு மட்டும் பயமா இல்லையா?"

ஜெராக்ஸ்காரர், தன் கடையில் யாரோ கூப்பிடுவதாகச் சொல்லிக்கொண்டு நழுவினார். யாரும் கூப்பிடவில்லை.

அவள் மவுண்டைக் கையில் எடுத்தாள். ஜன்னல் வழியாகத் தரையைப் பார்த்தாள். கோபத்தில் எதையாவது திருப்ப வேண்டும் போல இருந்ததோ என்னவோ, அட்டையைப் புரட்டிக் குப்புறப் படத்தின் மேல் வைத்தாள். அகலம் இடது பக்கம் வந்தது. கனம் கீழேயே இருந்தது. சைக்கிளுக்கு முன்னால் இடம் திறந்தது.

"இப்படியே வெச்சா மாமா?"

"ஐயோ, அது முதுகும்மா! முதுகை யாராச்சும் வெளிய காட்டுவாங்களா?"

"காட்டுனா என்ன?"

சாம்பல் போய்விட்டது. பால் கலந்த ஒரு வெறும் வெள்ளை. ஓரச் சரிவும் உள்ளே மறைந்து, தாளின் மேல் அட்டை கூராக நின்றது. அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "சாம்பல்தான் நல்லா இருந்திருக்கும்" என்றாள் மழுப்பாமல். "ஆனா இதுல அவ போவா."

முதுகு முழுக்க அவருடைய பென்சில். சுத்தமான கைக்காரர் ஒருவர் லேசாகக் கிழித்திருந்தால் ஒரு தடவலில் போயிருக்கும். இவர் கோடுகள் உழவு போட்ட மாதிரி கிடந்தன. அவள் பையிலிருந்து ரப்பரை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தாள். அவர் மூலைகளுக்குப் போனார். முதுகில் வெட்டு மூலையைத் தாண்டி மயிரிழை ஓடியிருக்கும். அது பின்னால் மறைந்துவிடும் என்றுதான் யாரும் கவலைப்படுவதில்லை. அவர் விரல் நகத்தால் அழுத்தி அழுத்தி அதை மூடினார்.

"விடுங்க மாமா. யாரும் பாக்க மாட்டாங்க."

"நான் பாப்பேன்மா."

கறுப்பு போய்விட்டது. பள்ளம் போகவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஜன்னலைச் சுற்றி இன்னொரு ஜன்னல் தெரிந்தது. அவர் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்காட்சிக்கு வர்றவங்க யாரும் சாஞ்சுக்கிட்டுப் பாக்க மாட்டாங்க மாமா. சட்டத்தை மாட்டுங்க, மணி ஆவுது."

கண்ணாடி, படம், பின்பலகை, ஆணி. ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது. எப்போது தூக்கினார், யார் தூக்கினார்கள் என்று அவர் கவனிக்கவில்லை. கடையைப் பூட்டியதும் அவர் அவளுடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். வழி முழுக்க, "மெதுவாம்மா", "அந்தப் பள்ளம்மா", "லாரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவளும் மெதுவாகத்தான் போனாள்.

மண்டபத்தில் வரிசை நின்றிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஊழியர் படங்களை வாங்கிப் பின்னால் சாய்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் அடுக்குகிற வேகத்தைப் பார்த்து இவர் சட்டத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முறை வந்தது. ஊழியர் சட்டத்தின் ஒரு முனையைப் பிடித்தார்.

"பாத்துங்க, இதைக் கொஞ்சம் நேரா மாட்டணும். வெளிச்சம் பக்கவாட்டுல வரக் கூடாது…"

"சரிங்க, குடுங்க."

"மூலைல கை படாம…"

"சார், விடுங்க சார். பின்னாடி ஆளு நிக்கறாங்க."

அவர் விடத்தான் நினைத்தார். விரல்கள் விடவில்லை. ஊழியர் இந்தப் பக்கம் இழுக்க, சட்டம் மேசையின் மேல் இரண்டு பேருக்கும் நடுவே நின்றது. வரிசையில் யாரோ சிரித்தார்கள். மருமகள் பக்கத்தில் வந்து, சட்டத்தின் மேலிருந்து அவர் கட்டைவிரலை எடுத்தாள். அடுத்த விரலை எடுத்தாள். அதற்கடுத்ததை எடுத்தாள். சுண்டுவிரலுக்கு வந்தபோது அவள் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்தது. அந்த விரலை அவரே எடுத்தார்.