காலிதா சிரித்த படங்கள்

பெரியபட்டினம் காலிதாவுக்கு இப்போது வயது ஐம்பத்தாறு. தமிழ், இந்தி, மலையாளம், தெலுங்கு என்று எந்த மொழிப் படத்தில் எந்தக் காலத்துச் சிரிப்பு நடிகரைப் பற்றிக் கேட்டாலும் சொல்வார். எப்படி நடப்பார், எந்தப் புருவத்தை முதலில் தூக்குவார், விழும்போது எந்தக் கையை ஊன்றுவார், எல்லாம் தெரியும். குரலைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது. கடந்த முப்பது வருடத்தில் வந்த ஒருவருடைய குரலும் அவருக்குத் தெரியாது.

1993இல் மூளைக்காய்ச்சல் வந்து மதுரை ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தார். பிழைத்து எழுந்தபோது இரண்டு காதும் போயிருந்தது. அப்போது கல்யாணமாகி மூன்று வருடம். கணவர் ஹசன் அலி ஷார்ஜாவில் ஒரு டயர் கிடங்கில் வேலை பார்த்தார்.

பேச்சு போகவில்லை. ஆனால் தன் குரல் தனக்கே கேட்காததால் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துப் பேசினார். எதிரே இருப்பவர் மெதுவாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் ஒரு வருடத்தில் பழகிவிட்டார். சினிமாவைத்தான் விட்டுவிட்டார். சின்ன வயதில் இலங்கை வானொலியில் படங்களின் வசனத்தைக் கேட்டே வளர்ந்தவர் அவர். பல நடிகர்களை முகம் பார்ப்பதற்கு முன்பே குரலால் தெரியும். காது போன பிறகு வீட்டில் டிவி ஓடினால் எல்லாரும் சிரிப்பார்கள், உடனே யாராவது ஒருவர் அவரைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொள்வார். அந்த நிறுத்தம் பொறுக்காமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

1995இல் ஹசன் அலி விடுமுறைக்கு வரும்போது ஒரு வீடியோ டெக் கொண்டுவந்தார். ஒருநாள் மத்தியானம் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சுருட்டிய பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவன் வாசல் வழியாக நுழையப் பார்க்கிறான். பாய் குறுக்கே மாட்டிக்கொள்கிறது. பின்னால் போகிறான், பக்கவாட்டில் வருகிறான், பாயை வெளியே வைத்துவிட்டுத் தான் மட்டும் உள்ளே வந்து பெருமையாக உட்கார்கிறான். அப்புறம்தான் பாய் ஞாபகம் வருகிறது. வீட்டில் எல்லாரும் அடுத்த வசனத்துக்காகக் காத்திருந்தார்கள். சாப்பாட்டுத் தட்டுகளை எடுக்க வந்த காலிதா நின்று பார்த்தார். பிறகு சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மாமியார் நூர் நிஷா மறுபடியும் காய்ச்சல்தான் வந்துவிட்டதென்று பயந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"மச்சான், அதைத் திருப்பிப் போடுங்க," என்றார் காலிதா.

ஹசன் அலி நாலு தடவை திருப்பிப் போட்டார். இரண்டு வருடமாக மனைவி அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. ஐந்தாவது தடவை அவர் டிவியைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து ஆரம்பித்தது. கடைத்தெருவில் சுஐபு நடத்திய கேசட் கடைக்கு காலிதா வாரத்துக்கு இரண்டு தடவை ஆள் அனுப்பினார். தமிழ்ப் படம் தீர்ந்ததும் இந்திப் படம், அப்புறம் மலையாளம். காலிதா இந்தி படித்துவிட்டதாகத் தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. அவருக்கு எல்லா மொழியும் ஒன்றுதான் என்பது சுஐபுக்கு மட்டும் புரிந்தது. பம்பாயிலிருந்து என்ன வந்தாலும் முதலில் அவருக்குக் கொடுத்தனுப்பினார். பார்த்த காட்சிகளைக் காலிதா ஒரு நோட்டில் எழுதி வைத்தார். மூன்றே தரம். உடம்பெல்லாம் குலுங்கினால் 'வயிறு', புன்னகையோடு நின்றால் 'பல்', மீதிக்கு ஒரு கோடு.

பழைய ஆட்களுக்குத்தான் 'வயிறு' அதிகம் கிடைத்தது. நாடக மேடையிலிருந்து வந்தவர்கள், கடைசி வரிசைக்காரனுக்கும் தெரிய வேண்டுமென்று காலையும் தோளையும் வைத்தே பேசியவர்கள். மலையாளத்துக்காரர்கள் கண்ணை மட்டும் அசைத்துப் 'பல்' வாங்கினார்கள். ஒருவர் உதைக்க ஒருவர் உதை வாங்கும் ஜோடிகள் தமிழில் வந்தபோது ஊரே கொண்டாடியது. காலிதா வேறு மாதிரி பார்த்தார். "அடிக்கிறவரு சும்மா கைய வீசுறாரு. வாங்குறவருதான் வேலை பாக்குறாரு," என்று சொல்லி, வாங்கியவருக்கு மட்டும் மார்க் போட்டார்.

அதற்குப் பிறகு வாயாலேயே சிரிக்க வைப்பவர்களின் காலம் வந்தது. முகத்தை ஆட்டாமல் அசைக்காமல் வசனத்தை மட்டும் வீசுவார்கள். நோட்டில் பக்கம் பக்கமாகக் கோடு விழுந்தது. ஷார்ஜாவில் ஹசன் அலிக்கோ அவர்களென்றால் உயிர். வெள்ளிக்கிழமைகளில் அறையில் ஏழு பேர் சேர்ந்து அந்தக் காட்சிகளைத்தான் போட்டுப் பார்ப்பார்கள். மனைவிக்கு இது கிடைக்காமல் போகிறதே என்று அவருக்கு ஒரே வருத்தம். கேசட்டை நிறுத்தி நிறுத்தி, வசனத்தை ஒரு வரி விடாமல் தாளில் எழுதிக் கடிதத்தில் அனுப்பினார். நடுவில் அடைப்புக்குறி போட்டு, 'இங்கே கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறான்' என்றும், 'இந்த இடத்தில் நாங்கள் ஏழு பேரும் சிரித்தோம்' என்றும் குறிப்பு வேறு.

காலிதா பதில் எழுதினார்: 'சிரித்த இடம் தெரிந்தது. ஏன் சிரித்தீர்கள் என்று தெரியவில்லை. உங்கள் அறையில் இருக்கும் ஸெய்யது காக்காவின் கால்வலி எப்படி இருக்கிறது?'

ஹசன் அலி விடவில்லை. பத்து வருடத்துக்கு மேல் எழுதினார். ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறைய அந்தக் கடிதங்கள் சேர்ந்தன.

2017இல் கணக்கு முடித்து ஊருக்கே வந்துவிட்டார். வந்த பிறகு, எழுதிப் புரியாததை நடித்துக் காட்டத் தொடங்கினார். ஹசன் அலி இயல்பிலேயே கல்யாண வீட்டில்கூட வாய் திறக்காத மனிதர். அவர் வீட்டு நடுவில் நின்று, கைலியை மடித்துக் கட்டி, உதட்டை நன்றாகத் திறந்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். காலிதா சிரித்தார். கணவருக்கு ஒரே சந்தோஷம்.

"இப்பப் புரியுதா?"

"வசனம் எங்க புரிஞ்சுச்சு? உங்க மூஞ்சியப் பாத்துச் சிரிச்சேன்."

இரண்டு நாள் அவர் கோபமாக இருந்தார். மூன்றாவது நாள் மறுபடியும் நடித்தார்.

ஹசன் அலியின் அண்ணன் மகள் ஜுமானா, ராமநாதபுரத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றில் ஆசிரியை. இரண்டு வருடத்துக்கு முன் அங்கே பிள்ளைகளுக்குப் புதுப் படம் ஒன்றை, வசனம் கீழே எழுத்தில் ஓட, போட்டுக் காட்டினார்கள். எழுத்து ஓடிய வேகத்தில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். ஜுமானா அன்றே பெரியபட்டினத்துக்கு வந்து, சாச்சி காலிதாவின் நோட்டைக் கேட்டார். நோட்டைத் தர முடியாது, வேண்டுமானால் நானே வருகிறேன் என்றார் காலிதா.

ஏழு காட்சிகளைத் தேர்ந்தெடுத்தார். ஏழுமே 'வயிறு'. ஒரு சனிக்கிழமை காலை, ஹசன் அலியும் கூட வர, பஸ் ஏறிப் போனார். அறையில் நாற்பது பிள்ளைகள், ஆறு ஆசிரியர்கள். காலிதா சத்தத்தை அடியோடு அணைக்கச் சொல்லிவிட்டார். பாய்க்காரன் வாசலில் மாட்டிக்கொண்டதும் முதல் வரிசை குலுங்கியது. பிள்ளைகள் சிரித்து முடித்த பிறகுதான் ஆசிரியர்கள் சிரித்தார்கள், அவர்களுக்கும் பிறகு ஹசன் அலி. ஒவ்வொரு காட்சியிலும் அப்படியே நடந்தது.

ஆறாவது காட்சியில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. டெலிபோன் வயரில் ஒருவன் சிக்கிக்கொண்டு, ரிசீவரை விடாமல் அறை முழுவதும் சுற்றுகிற காட்சி அது. சாயல்குடியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் நாகலெட்சுமி என்ற ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுந்து கையால் ஏதோ கேட்டாள். ஜுமானா சாச்சிக்குத் தாளில் எழுதிக் காட்டினார்: 'அந்த போனை ஏன் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள்?'

பஸ்ஸில் திரும்பி வரும்போது காலிதா வழியெல்லாம் புலம்பினார். நோட்டிலேயே அதுதான் ஒசந்த காட்சி என்று உச்சக் குரலில் சொன்னார். ஹசன் அலி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அடுத்த மாதம் டெலிபோன் காட்சியை எடுத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுபோனார். இப்போது ஒவ்வொரு மாதமும் போகிறார்கள். காலிதா நாகலெட்சுமியிடம் சைகை மொழி கற்கிறார். நடிகர்களைக் குறிக்க அவரும் கணவரும் வீட்டில் தாங்களாகவே வைத்திருந்த சைகைகளில் பாதி தப்பான அர்த்தம் தருமென்று சொல்லி அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அங்கே வந்துபோகிறவர்களுக்குப் பிள்ளைகள் சைகையில் ஒரு பெயர் வைப்பார்கள். காலிதாவுக்கு, வயிற்றின் மேல் கையை வைத்துக் குலுக்குவது. ஹசன் அலிக்கு என்ன என்று அவரே போய்க் கேட்டார். நாகலெட்சுமி முதலில் கடிகாரம் கட்டும் மணிக்கட்டைத் தொட்டாள், பிறகு வாயைத் தொட்டாள்.

"லேட்டாச் சிரிக்கிறவருன்னு அர்த்தம் சாச்சா," என்றார் ஜுமானா.

ஹசன் அலி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சிரித்தார்.