அபூ ரக்கான் குடித்த காபி

அபூ திரார் காதிலிருந்து பென்சிலை எடுத்தாலே மற்றவர்கள் தங்கள் கதைத் தாளை இழுத்து மூடிக்கொள்வார்கள். எல்லைச் சுங்கச் சாவடியில் லாரி லாரியாகக் குடைந்து ஓய்வு பெற்ற மனுஷன், கதைகளையும் அப்படித்தான் குடைவார்.

"'மிகுந்த வேதனையோடு.' இது எந்த எல்லை வழியா உள்ள வந்துச்சு? வரி கட்டின ரசீது இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஸமீஹாவின் தாளில் ஒரு கோடு இழுத்தார்.

ஸமீஹா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். இர்பித் நகர நூலகத்தின் மாடியில் புதன்கிழமை சாயங்காலம் கூடுகிற ஐந்து பேருக்கும் அதே சட்டம்தான். கதை ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஒவ்வொருவரும் வேண்டாதது என்று படுகிற வாக்கியங்களை அடிப்பார்கள். எழுதியவர் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். கடைசியில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும், காரணம் சொல்லாமல், அவர் காப்பாற்றிக்கொள்ளலாம்.

இந்தக் கூட்டத்துக்கு ஸமீஹா வந்து சேர்ந்ததே ஆச்சரியம் என்பார்கள் தெரிந்தவர்கள். பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை. வயது நாற்பத்தைந்து. அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் பெண் கேட்டு வந்தவர்களைத் தட்டிக் கழித்தாள். அம்மா போன பிறகு யாரும் வரவில்லை, அவளும் அதற்காக அழவில்லை. அவளுக்கு வேறு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிற யாராவது போனில் பேசினால், மறுமுனையில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிப்பாள். "ம்... ம்... அதை ஏன் இப்ப சொல்ற?" என்ற அரைப்பேச்சை வைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்தையும் ஒரு விவாகரத்தையும் கட்டிவிடுவாள். சொன்னதைவிடச் சொல்லாததில்தான் அவளுக்கு ருசி.

அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தபோது, வீட்டுக்குள்ளேயே கிடந்த சொல்லாத விஷயத்தைத்தான் எடுத்தாள்.

அவள் அப்பா ஊரில் பெரிய மனுஷர். யார் வீட்டுக்குப் பெண் கேட்கப் போனாலும், எந்தச் சண்டையைத் தீர்க்கப் போனாலும், தூது போகிற பெரியவர்களுக்கு முன்னால் அவர்தான் நடப்பார். போன வீட்டில் முதல் கோப்பை காபி அவருக்குத்தான் வரும். அதை வாங்கி, குடிக்காமல், எதிரே வைத்துவிடுவார். "எங்க காரியத்த முடிச்சுக் குடுங்க, அப்புறம் குடிக்கிறோம்" என்பார். வீட்டுக்காரர் "குடிங்க, கேட்டது உங்களுது" என்று சொன்ன பிறகுதான் கோப்பை வாய்க்குப் போகும். அவர் வைத்த கோப்பை ஆறி வீணானது என்ற பேச்சே கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், சொந்த மகன் ரக்கானுக்கு அஜ்லூனில் பெண் கேட்கப் போனபோது, முதல் கோப்பை வந்தது. அப்பா வாங்கினார். வாங்கியவர் அப்படியே குடித்துவிட்டார்.

கூடத்துக் கண்கள் எல்லாம் காலிக் கோப்பைக்குப் போயின. பெண்ணின் பெரியப்பாக்களில் அந்தச் சம்பந்தமே பிடிக்காத ஒருவர் இதற்காகவே காத்திருந்த மாதிரி எழுந்தார். "காபிய குடிச்சுட்டீங்க. அப்ப கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. நல்லது, பேரீச்சம்பழம் எடுத்துக்குங்க" என்றார். மழையைப் பற்றியும் ஆலிவ் விளைச்சலைப் பற்றியும் கொஞ்ச நேரம் பேசிவிட்டு எல்லாரும் எழுந்து வந்தார்கள். அந்தப் பெண்ணை அந்த வருஷமே வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள்.

அப்பா வேண்டுமென்றே செய்தார் என்பது ரக்கானின் கட்சி. தன் தம்பி மகளையே, அங்குள்ள வழக்கப்படி, ரக்கானுக்குக் கட்டிவைக்கும் எண்ணம் அவருக்கு இருந்ததும் உண்மைதான். "வேணும்னுதான் குடிச்சீங்களா?" என்று வீட்டு வாசலிலேயே கேட்டான். அப்பா அவனைத் தாண்டி உள்ளே போய்விட்டார். ரக்கான் அகபா துறைமுகத்தில் வேலை தேடிப் போனான், திரும்பி வரவில்லை. ஊர் மட்டும் கிழவரை இன்னும் மூத்த மகன் பேரால், 'ரக்கானின் அப்பா' என்றுதான் கூப்பிடுகிறது. காய்கறிக் கடையில் "அபூ ரக்கான், தக்காளி வந்திருக்கு" என்று குரல் வரும்போதெல்லாம் அவர் ஒரு நொடி தாமதித்துத்தான் திரும்புவார்.

இப்போது ரக்கானுக்குக் குவைத்தில் வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசியில் விமானம். போகிறதற்கு முன்னால் வீட்டுக்கு வா என்று ஸமீஹா போனில் கெஞ்சிப் பார்த்தாள். "என்னப் பாக்கணும்னா நீ அம்மான் ஏர்போர்ட்டுக்கு வா அக்கா. அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டான். அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. இப்போது வராதவன் இனி எதற்கு வரப்போகிறான் என்று அவளுக்குத் தோன்றியது.

நூலக மாடியில் தாள் சுற்றி வந்தது. மருந்துக்கடை ஸெரீன்தான் கூட்டத்தில் சின்னவள். அவள் பென்சிலை வைத்துக்கொண்டு ஒரு வரியில் நின்றாள்.

"அக்கா, 'அப்பா இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.' இது எதுக்கு?"

"நான் பேசலாமா?"

"கேள்வி கேட்டா பேசலாம்," என்றார் அபூ திரார், சலுகை கொடுக்கிறவர் மாதிரி.

"எதுக்குன்னு இல்ல. அப்படித்தான் பிடிச்சிருந்தார். பொம்பளைங்க உள்ளறையில இருந்தோம். கதவு இடுக்குல பாத்தேன்."

"கதையில வர்ற ரக்கான் அதைப் பாத்தானா?" என்றாள் ஸெரீன்.

"அவன், அப்பா உக்காந்திருந்த அதே வரிசையில, நாலு பேர் தள்ளி. கோப்பை காலியானது மட்டும்தான் அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அப்ப அடிச்சிரலாம். வேலை செய்யாத வரி," என்றார் அபூ திரார்.

ஸெரீன் அடிக்கவில்லை. "அவர் ஏன் குடிச்சார்னு கதையில இல்ல. இருக்க வேண்டாம், வாசிக்கிறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்க்கா. தெரிஞ்சு மறைக்கிறதுக்கும் தெரியாம விடுறதுக்கும் வித்தியாசம் தாள்ல தெரிஞ்சுரும். இங்க நீங்க தெரியாமத்தான் விட்டிருக்கீங்க."

அது ஸமீஹாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அடிபடாமல் காப்பாற்ற அவள் மனதில் வேறொரு வரி வைத்திருந்தாள்: 'அவர் கெட்டவர் அல்ல.' அதை அபூ திரார் ஏற்கெனவே அடித்திருந்தார். "நீ சொல்லித்தான் நான் நம்பணுமா?" என்று ஒரு குட்டும் வைத்திருந்தார். அன்றைக்கு எந்த வரியையும் காப்பாற்றாமல் தாளை மடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அதற்கப்புறம் அப்பாவைக் கதையை வாசிக்கிற மாதிரி வாசித்தாள். கூடவே இருந்தும் கண்ணில் படாதவை வரிசை கட்டி வந்தன. அப்பா தேநீரைக் கண்ணாடித் தம்ளரில்தான் கேட்கிறார், அதுவும் பாதிதான், அதையும் இரண்டு கையாலும் பிடிக்கிறார். முகம் மழிக்கக் கடைக்குப் போகிறார். முன்பெல்லாம் வீட்டில்தான் மழிப்பார். வாசலில் யாரோடாவது பேசும்போது வலது கை கோட்டுப் பைக்குள் போய்விடுகிறது. பெண் கேட்கப் போகக் கூப்பிடுகிறவர்களை முழங்கால் வலி என்று திருப்பி அனுப்புகிறார். ஆனால் சந்தைக்கு நடந்தேதான் போய் வருகிறார்.

"அப்பா, அன்னிக்கு அஜ்லூன்ல..." என்று ஒரு தடவை ஆரம்பித்தாள்.

"உன் கதையில என்னையும் சேத்திருக்கியாமே. மீசை வெச்சியா?"

"வெச்சேன். அபூ திரார் அடிச்சுட்டார்."

"கடத்தல் மீசைன்னு நெனச்சிருப்பான்," என்று சிரித்துவிட்டு வானொலிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதோடு சரி.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவர் வந்தபோது ஸமீஹா ஏலக்காய் போட்டுக் கசப்புக் காபி காய்ச்சியிருந்தாள். அந்த வீட்டில் அது கொதித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பிடியில்லாத சின்னக் கோப்பைகள் இரண்டை எடுத்துத் துடைத்தாள். ஒன்றில் ஊற்றி அவருக்கு எதிரே வைத்தாள். இன்னொன்றில் தனக்கு ஊற்றி, குடிக்காமல், தன் முன்னால் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள்.

அப்பா கோப்பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"குடிம்மா, ஆறிரும்."

"எனக்கு ஒரு காரியம் ஆகணும். ஆனாத்தான் குடிப்பேன்."

"பெத்த அப்பன் வீட்டுக்கே தூது வந்திருக்கியா? கூட வந்த பெரிய மனுஷங்க எங்க?"

"நான் மட்டும்தான். அன்னிக்கு ஏன் குடிச்சீங்க?"

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. இத்தனை வருஷம் மற்றவர்கள் வீட்டில் அவர் வைத்த கோப்பை அது. அதற்கு எதிரே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு இதுவரை தெரிந்திருக்காது. ஸமீஹா அசையவில்லை. காபி மேலே இருந்த ஆவி நின்றது.

அவர் வலது கையைப் பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தார். அது தன்பாட்டுக்கு ஆடியது, மேசை விளிம்பில் தட்டுகிற சின்னச் சத்தத்தோடு.

"அந்த மாசம்தான் ஆரம்பிச்சிருந்துச்சு," என்றார். "கோப்பைய வாங்கிட்டேன். கீழ வைக்கணும்னா கைய நீட்டணும். நீட்டினா சிந்தும், அத்தன பேர் கண்ணும் அங்கதான். வாய்தான் பக்கத்துல இருந்துச்சு. குடிச்சுட்டேன்."

"அங்கயே சொல்லியிருக்கலாமேப்பா."

"என்னன்னு? கை நடுங்குற நோய்ன்னா? பையனுக்கும் வருமான்னு கேப்பாங்க. அப்புறம் அங்க மட்டுமில்ல, எங்கயும் அவனுக்குப் பொண்ணு கிடைக்காது. அப்பன் கெட்டவன்னு அவன் நெனச்சா எனக்குத்தான் நஷ்டம். இந்த நோய் வெளிய தெரிஞ்சா அவனுக்கு நஷ்டம்." கையை மறுபடி பைக்குள் விட்டார். "அவன்கிட்ட சொல்லாத. இப்ப குடி."

ஸமீஹா குடித்தாள். ஆறிப்போய்க் கசந்தது.

அந்தக் கோப்பையைக் குடித்ததோடு, சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுத்தாகிவிட்டது. ஆனால் புதன்கிழமை அவள் தாளை நீட்டியபோது, எதைக் காப்பாற்றுகிறாய் என்று யாரும் கேட்பதற்கு முன்பே மணிக்கட்டு வரியின் மேல் விரலை வைத்தாள். மற்றதில் பெரும்பாலும் போனது. 'அவர் கெட்டவர் அல்ல' போனது, அம்மா போனாள், மழை போனது. மிஞ்சியது ஒரு கூடம், ஒரு கோப்பை, ஒரு மணிக்கட்டு, எழுந்து நிற்கிற ஒரு பெரியப்பா. நோய் என்ற சொல்லே எங்கும் இல்லை. ஸெரீன் வாசித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். "இப்ப தெரிஞ்சு விட்டிருக்கீங்க," என்றாள். என்ன தெரிந்தது என்று கேட்கவில்லை.

வெளியே வந்து படியில் நின்றபடியே ஸமீஹா அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து ரக்கானுக்கு அனுப்பினாள். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அனுப்பிய கையோடு பயம் பிடித்துக்கொண்டது. வாக்கை மீறிவிட்டோமா என்று ஒரு பயம், அவனுக்குப் புரியாமல் போய்விடுமோ என்று அதைவிடப் பெரிய பயம்.

மறுநாள் கிளினிக்கில் இருக்கும்போது போன் வந்தது.

"அக்கா, மணிக்கட்ட எதுக்குப் பிடிச்சிருந்தார்?"

"கதையில அவ்வளவுதான் இருக்கு ரக்கான்."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. ஸமீஹா வழக்கம்போல ஊகிக்கப் பார்த்தாள், இந்தத் தடவை முடியவில்லை. "வெக்கிறேன்," என்றான் அவன்.

விமானத்துக்கு முந்தின வியாழன் மதியம், தோளில் ஒரு பையோடு வாசலில் வந்து நின்றான். அப்பா எழுந்திருக்க முயன்றார், அவன் குனிந்து அவர் தலையில் முத்தமிட்டு உட்கார வைத்தான். வெயிலைப் பற்றிக் கேட்டார், அகபாவில் அதிகம் என்றான். ஸமீஹா காபி கொண்டு வந்தாள். ரக்கான் கூஜாவை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அப்பாவுக்கு ஒரு வாய் ஊற்றிக் கொடுத்தான்.

அப்பா இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குடித்து முடித்தார். காலிக் கோப்பை கையில் ஆடியது. விருந்தாளி கோப்பையை ஆட்டினால் 'போதும்' என்று பொருள், ஊற்றுகிறவர் வாங்கி வைத்துவிட வேண்டும். ரக்கான் வாங்கவில்லை. அந்தக் கைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்து, மறுபடி ஊற்றினான்.

"ஆட்டுறேன்ல, போதும்னு தெரியலயா?" என்றார் அப்பா.

"நீங்க ஆட்டலப்பா. குடிங்க," என்றான் ரக்கான்.