தாய்வீட்டு வாடகை

கோவை கணபதியில் நாலு வீட்டுக்குச் சொந்தக்காரி என்றால் கேட்பவர்கள் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டுக்கார அம்மா அற்புதத்தை நேரில் பார்த்தால் முதலில் உட்காரச் சொல்லத்தான் தோன்றும். அவ்வளவு களைப்பு அந்த முகத்தில். ஐம்பத்தெட்டு வயதில், ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்குக்கு நர்ஸ் வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறார். குடியிருப்பது மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில்.

நான் கௌதமன். கீழ்வீட்டில் ஆறு வருஷமாக இருக்கிறேன். அந்தக் கட்டடத்தில் மாத வாடகை கொடுக்கும் ஒரே ஆள் நான்தான். மற்ற மூன்றும் போக்கியம். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பார்கள். காலி செய்யும்போது அந்தத் தொகையை அம்மா அப்படியே திருப்பித் தர வேண்டும்.

ஃபவுண்டரியில் வேலை பார்த்த அவர் கணவர் ஆரோக்கியதாஸ் மூன்று சென்ட் இடத்தில் கீழ்வீட்டை மட்டும் கட்டிவிட்டு இறந்துபோனார். மாடி கட்டி வாடகைக்கு விட்டால் கடைசிக் காலத்தில் மகளிடம் கையேந்த வேண்டாம் என்று எந்தப் புண்ணியவானோ சொல்லியிருக்கிறான். அம்மா வங்கியில் ஒன்பது லட்சம் கடன் வாங்கினார். முதல் மாடியில் இரண்டு வீடு கட்டும்போதே பணம் தீர்ந்தது. முடிந்த ஒன்றைப் போக்கியத்துக்கு விட்டு, அந்தப் பணத்தில் இன்னொன்றை முடித்தார். அதையும் விட்டு இரண்டாவது மாடி. அதையும் விட்டு மகள் ஜோவிதாவின் கல்யாணம். இப்போது தவணை மாதம் பத்தாயிரத்து எழுநூறு. வருகிற வாடகை என்னுடைய ஒன்பதாயிரம். மோட்டார் ஓடவில்லை, குழாய் ஒழுகுகிறது என்று நாலு குடித்தனக்காரர்களும் படுத்துகிற பாடு தனி. நானும் படுத்தியிருக்கிறேன்.

போன மார்ச்சில், தாராபுரத்தில் மாமியார் வீட்டில் ஜோவிதாவுக்கு வளைகாப்பு. தலைப்பிரசவம். வளையல் போட்ட கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அம்மா தனியாகத்தான் திரும்பி வந்தார். எங்கே அழைத்து வருவது? மொட்டைமாடிக்குக் கடைசியில் செங்குத்தான இரும்புப்படி. ஏப்ரல் வெயிலில் அந்தத் தகரத்துக்கு அடியில் பெரியவர்களே மதியம் இருக்க முடியாது.

முதல் மாடி பாலுசாமியிடம் கேட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க, மூணு மாசம் மட்டும் ஊட்டை ஒழிச்சுக் குடுப்பீங்களா?"

"என்ற ஆறு லட்சத்தைக் குடுத்துபோடுங்கம்மா, நாளைக்கே போயர்றேனுங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஆறு லட்சத்துக்கு அம்மா இன்னொரு போக்கியக்காரரைத்தான் பிடிக்க வேண்டும். பிடித்தால் அவர் வந்து அந்த வீட்டில் உட்கார்ந்துகொள்வார்.

மிச்சம் நான்தான். நான் போனால் வீடு கிடைக்கும், ஆனால் வாடகை இல்லாமல் தவணை கட்டுவது நின்றுபோகும். இது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் கேட்கவில்லை. நானும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி பத்து நாள் நடமாடினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆறு வருஷச் சாமான்களை மூட்டை கட்டுவதை நினைத்தாலே அலுப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து வந்தவர், எங்கள் வாசலில் மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கர்தான். ஜோவிதாவின் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது.

"அம்மா, கீழூட்டு அண்ணன் ஒழிச்சுக் குடுத்தா எங்களுக்கு வாடகைக்கு உடுவீங்களா? மூணு மாசத்துக்குத்தான். அதே ஒம்பதாயிரத்தை இவரு தர்றேன்னு சொல்லிட்டாருங்க. உங்களுக்குத் தவணையும் நிக்காதில்லீங்க."

குத்திக்காட்டவில்லை அந்தப் பெண். யோசித்து, அம்மாவுக்குச் சிரமம் வரக்கூடாதென்றுதான் கேட்டது. தொட்டி நிரம்பி மேலேயிருந்து தண்ணீர் ஊற்றியது. அற்புதம் அம்மா சுவிட்சை அணைக்காமல் அப்படியே நின்றார்.

அன்று மாலையே மேலே போய்ச் சொன்னேன். "அன்னூர்ல என்ற மாமியார் ஊட்ல மூணு மாசம் இருந்துக்கறோமுங்க. அட்வான்ஸ் உங்ககிட்டயே இருக்கட்டும்."

"உனக்குத்தான் சிரமம் கண்ணு," என்றார். வேண்டாமென்று சொல்லவில்லை. சொல்கிற நிலைமையில் அவர் இல்லை.

குழந்தை பிறந்து இருபது நாள் கழித்து நானும் என் மனைவி வர்ஷினியும் பார்க்கப் போனோம். நாங்கள் கட்டில் போட்டிருந்த அதே மூலையில் ஜோவிதா படுத்திருந்தாள். வர்ஷினி குழந்தையின் கையில் ஐநூறு ரூபாய்த் தாளை வைத்தாள். பெண் குழந்தை, நோட்டை இறுகப் பிடித்துக்கொண்டது. எல்லோரும் சிரித்தோம். அற்புதம் அம்மாவும் சிரித்தார்.

அன்றைக்கு ஐந்தாம் தேதி, வாடகை கொடுக்கிற நாள். ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளை. ஆஸ்பத்திரிச் செலவில் மாப்பிள்ளையின் கை காலியாகியிருந்தது. ஜோவிதா தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். பிறகு குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்த ஐநூறையும் எடுத்துக் கவருக்குள் வைத்தாள்.

"ஒம்பதாயிரம் சரியாப் போச்சுங்கம்மா."

அற்புதம் அம்மா எங்கள் யாரையும் பார்க்காமல் அதை வாங்கிக்கொண்டார்.