குளிர்சாதனப் பெட்டியில் இருந்த ஆறு குப்பிகள்

எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்ற காலம். பதுளையில் மருந்து மொத்த விநியோக நிறுவனம் ஒன்றின் ஸ்டோரில் வேலை செய்துகொண்டிருந்தேன். எந்தக் கடைக்கு எந்தச் சரக்கு எப்போது போக வேண்டும் என்று பார்ப்பது என் பொறுப்பு. டீசல் கிடைப்பதே பெரும்பாடு என்பதால், ஒரு பாதைக்கு வேன் நிறையச் சரக்கு சேர்ந்தால்தான் வண்டியை எடுப்போம்.

ஒரு திங்கட்கிழமை காலை லுணுகலையில் இருந்து மருந்துக்கடை முதலாளி கூப்பிட்டார்.

“மகள், இன்சுலின் ஆறு குப்பி அவசரமா வேணும். தேயிலைத் தோட்டத்துப் பொம்புளை ஒருத்திக்கு. ஆஸ்பத்திரியிலயும் இல்லையாம். கையில உள்ளது நாளையோட முடியுதாம்.”

அவர் கேட்ட மருந்து என் மேசைக்குப் பின்னால் குளிர்சாதனப் பெட்டியில்தான் இருந்தது. ஆனால் லுணுகலைப் பக்கத்துக்குக் கால் வேன் சரக்குக்கூடச் சேரவில்லை. உண்மையைச் சொன்னால் வேறு நிறுவனத்தைத் தேடிப் போய்விடுவார். “நாளைக்கு வந்துரும்” என்றேன்.

செவ்வாய்க்கிழமையும் அதையே சொன்னேன். புதன்கிழமை, வேன் எப்போது போகும் என்று யாரிடமும் கேட்காமலே சொன்னேன். வியாழக்கிழமை அவருடைய எண்ணைப் பார்த்ததும் போனை எடுக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை வேன் புறப்பட்டது. சந்தோஷமாகச் சொல்லலாம் என்று அவரைக் கூப்பிட்டேன்.

“இனி அவசரமில்ல மகள். அந்தப் பொம்புளை நேத்து காலையில மௌத்தாகிட்டா.”

கொழுந்து பறிக்கிற பெண் என்று அவர் சொன்னார். இருந்த மருந்தைப் பாதிப் பாதியாகப் போட்டு ஒப்பேற்றியிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அடுத்த வாரம், காலாவதியான மருந்துகளைத் திருப்பி எடுக்க நானும் வேனில் போனேன். கடையில் நின்றிருந்தபோது தேங்காய் எண்ணெய் வாங்க ஒருவர் வந்தார். முதலாளி தலையைக் குனிந்துகொண்டு, “இவர்தான் அந்தப் பொம்புளையோட மாப்பிள்ளை” என்றார். அவளுடைய கணவர்; நான் நாளை, நாளை என்று சொன்ன மூன்று நாளும் தோட்டத்தில் இருந்து நடந்தே வந்து, மருந்து வந்துவிட்டதா என்று கேட்டுப் போனவர்.

அவர் கோபப்படவில்லை. “நீங்கதான் பதுளையில இருக்கிறவங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“நாலு நாளாகும்னு சொல்லியிருந்தீங்கன்னா, அன்னைக்கே பஸ் ஏறி வந்து நானே வாங்கிட்டுப் போயிருப்பேங்க. நாளைக்கு, நாளைக்குன்னதால காத்துக்கிட்டு இருந்துட்டோம்.”

டீசல் இல்லை, சரக்குச் சேரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் தேங்காய் எண்ணெய் போத்தலை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அலுவலகத்தில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. நாட்டு நிலைமை அப்படி என்றார்கள். இப்போதெல்லாம் வண்டி எப்போது வரும் என்று யாராவது கேட்டால், தெரியாத அன்று தெரியாது என்றே சொல்கிறேன். அதனால் கோபித்துக்கொண்டு இரண்டு கடைக்காரர்கள் எங்களை விட்டுப் போய்விட்டார்கள். போகட்டும். அந்த மனிதர் பஸ் ஏறியிருக்கக்கூடிய மூன்று காலைகளை நான் என் வாயாலேயே பறித்துவிட்டேன். அவற்றை அவருக்குத் திருப்பிக் கொடுக்க எனக்கு எந்த வழியும் இல்லை.